சச்சினும் அவுட்... பஸ்ஸும் அவுட்!

1996 அக்டோபர் 21. டைட்டன் கோப்பை. இந்தியா - ஆஸ்திரேலியா. ஓசூர் சிப்காட்டில் 'வயித்து வலி' என்று லீவ் சொல்லிவிட்டு, பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில் விசிலடித்துக் கொண்டிருந்தேன்.

ஜெயிக்க 216 ரன். சச்சின் 88-ல் அவுட். ஸ்கோர் 164-க்கு எட்டு விக்கெட். காலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். கடைசி பஸ்ஸையாவது பிடிப்போம் என்று எழுந்தேன். பக்கத்து சீட் கன்னடப் பெரியவர் கையைப் பிடித்து, "ஸ்வல்ப இரப்பா, நம்ம ஹுடுகரு இத்தாரே" என்றார். நம்ம பசங்களாம்! மைசூர் ஸ்ரீநாத்தும் பெங்களூர் கும்ப்ளேயும். பந்து போடுறவங்களை நம்பி பஸ்ஸை விடுவதா? நடையைக் கட்டினேன்.

எம்.ஜி. ரோடு தாண்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆரவாரம். அப்புறம் இன்னொன்று. திரும்பி ஓடினால், கேட்டில் உள்ளே விடவில்லை. டிக்கெட் வாங்கிய மேட்சின் க்ளைமாக்ஸை டீக்கடை டி.வி.யில் எக்கி எக்கிப் பார்த்த புண்ணியவான் அடியேன்தான்! இருவரும் சேர்ந்து 52 ரன். ஏழு பந்து மிச்சம். முன்பின் தெரியாத ஒருத்தர் என்னைத் தூக்கியே விட்டார். பஸ் போயே போச்சு.

இப்போதெல்லாம் கடைசிப் பந்துவரை நான் எழுந்திருப்பதில்லை. அந்தப் பெரியவருக்கு ஒரு ஸாரி மட்டும் இன்னும் பாக்கி.