உளுத்த கூரையும் ஒரு புல்லும்

சென்ற வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள் பகல். ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவிலுள்ள எங்கள் கிராமத்து வீட்டில், முன் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா ரசம் ஊற்றினாள். அதன்மேல் யாரோ சலித்த மாவை ஒரு சிட்டிகை தூவியது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தூவியது வேறு யாருமல்ல, கூரைதான்.

மூன்று வருஷத்துக்கு முன் போட்ட கூரை அது. மூங்கில் கைமரம், மூங்கில் வரிச்சு, மேலே நாட்டு ஓடு. கழிகளில் ஊசி குத்தினாற்போல் நூறு துவாரங்கள்; தட்டினால் தட்டின இடமெல்லாம் மாவு. பூச்சி அரித்து முற்றிலும் உளுத்துவிட்டது. அன்று சாயங்காலமே என் தம்பி தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"இனி மூங்கில் பேச்சே வேண்டாம், அண்ணா. தகரம் போட்டுவிடலாம்."

"போடு, போடு. சித்திரை மாதம் என்னை அதன்கீழ் உட்கார வைத்துவிட்டால், அப்பளம் பொரிக்க அடுப்பே மூட்ட வேண்டாம்" என்றாள் அம்மா.

நாமக்கல் சமவெளியின் கோடையை அறிந்தவர்கள் இதைப் பரிகாசம் என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் என் மனத்தை உறுத்தியது வேறொரு விஷயம். அதே வீட்டின் சமையற்கட்டில் எங்கள் பாட்டனார் வைத்த மூங்கில் வரிச்சுகள் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் கருங்காலி போல் கறுத்து மின்னிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஒரு துவாரமில்லை. ஒரே வீடு, ஒரே புல்லினம், ஒன்று மூன்று வருஷத்தில் மாவு, மற்றொன்று மூன்று தலைமுறைக்கு இரும்பு. இது எப்படி? மூங்கில் எங்கிருந்து இறங்கி வந்ததோ அங்கேயே போய்க் கேட்பது என்று தீர்மானித்தேன்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்குப் போனால் கொல்லிமலையின் அடிவாரம். அங்கிருந்து மேலே ஏறும் பாதைக்குக் கொண்டையூசி வளைவுகள் மட்டும் 70. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பது வரையில் நான் உற்சாகமாக எண்ணினேன். அதற்குப் பிறகு என் கவனம் முழுவதும் வயிற்றின் பக்கம் திரும்பிவிட்டது. கீழே நோக்கினால் மரவள்ளிக் காடுகளும், தென்னந்தோப்புகளும், முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் ஜில்லாவின் நீண்ட கோழிப்பண்ணைக் கொட்டகைகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. (1997 வரையில் இதெல்லாம் சேலம் ஜில்லாதான்.) மேலே, வல்வில் ஓரி ஆண்ட மலையில், காற்றே வேறு.

செம்மேட்டைத் தாண்டி ஒரு சிற்றூரில் நான் தேடிய பெரியவரைக் கண்டேன். வழியெங்கும் தளம் போட்ட வீடுகளே கண்ணில் பட்டன. அவருடைய பழைய வீடு மாத்திரம், பிளந்த மூங்கிலைப் பின்னி மண் பூசிய சுவரோடு நின்றது. பக்கத்தில் அவருடைய பட்டா நிலத்தில் மூங்கில் தூர் ஒன்று. என் கையிலிருந்த உளுத்த துண்டை வாங்கி, ஒரு தரம் மோந்து பார்த்தார்.

"எப்ப வெட்டினதுங்க தம்பி?"

"தெரியாது, பெரியவரே. நாங்கள் சித்திரையில் கடையில் வாங்கினோம்."

"தண்ணியிலே போட்டீங்களா?"

"இல்லை."

"ஆணி அடிச்சிருக்குது. தோலையும் சீவியிருக்குது." துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரமாட்டம் நெனச்சுக் கட்டிப்போட்டீங்க. இது புல்லுங்க தம்பி. உள்ளே இனிப்பு இருக்கும். பூச்சி அதைத் தேடித்தான் வருது."

அவர் சொன்னதன் பொருளை நேயர்களுக்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மூங்கில் தாவர சாஸ்திரப்படி நெல்லுக்கும் கரும்புக்கும் உறவான புல். மரத்தைப் போல் வருஷத்துக்கு வருஷம் பருப்பதில்லை. குருத்து எந்தப் பருமனில் மண்ணைப் பிளந்து வருகிறதோ அதுதான் கடைசி வரையில் பருமன். சில மாதங்களில் முழு உயரமும் எட்டிவிடும். பிறகு மூன்று நான்கு வருஷம் நின்ற இடத்திலேயே முற்றும். நெல்லைப் போலவே கடைசியில் பூத்து, மூங்கிலரிசி தந்து, தூரோடு மடியும். பெருமூங்கில் அப்படிப் பூக்க நாற்பது வருஷத்துக்கு மேலாகும் என்பதுதான் வித்தியாசம்.

முற்றாத கழியிலும், தவறான பருவத்தில் வெட்டிய கழியிலும் மாவுச்சத்து நிறைந்திருக்கும். பூச்சிக்கு அதுதான் விருந்து. ஆகையால் மழை ஓய்ந்தபின் மார்கழி, தை மாதங்களில், முற்றின கழியாகப் பார்த்துத் தேய்பிறையில் வெட்டுவார்களாம். தேய்பிறையைப் பற்றி அவரவர் அபிப்பிராயம் எப்படியிருந்தாலும், பருவத்தைப் பற்றிச் சந்தேகமில்லை. வெட்டியதைச் சில வாரங்கள் நீரில் ஊறப் போட்டால் சத்து கரைந்து போகும். பிறகு வெயிலில் எறியாமல் நிழலில் உலர்த்த வேண்டும்.

இனித் தோல் விஷயம். மூங்கிலின் நார்கள் வெளிப்புறத்தில்தான் நெருங்கியிருக்கின்றன. உள்ளே போகப் போக மென்மை. எடைக்கு எடை ஒப்பிட்டால், இழுவிசையைத் தாங்குவதில் அது சாதாரண எஃகுக்கு இளைத்ததன்று. இரும்புக்குப் பெயர்போன கஞ்சமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஆயினும் உண்மை அதுதான். அந்தத் தோலை அழகுக்காகச் சீவுகிறவன் அதன் பலத்தைச் சீவுகிறான். ஆணி அடித்தால் நார் நெடுகப் பிளக்கும். கணுவை ஒட்டித் துளையிட்டு முளை செருக வேண்டும். அல்லது கயிற்றால் பிணைக்க வேண்டும்.

திரும்பி வருகையில், அந்த 70 வளைவுகளுக்கு நடுவில், எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று அதன் மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்ததைக் கூரை கட்டும்போது மறந்துவிட்டோம்! நாம் மட்டும் மறக்கவில்லை. 1927-ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டமும் மூங்கிலை மரத்தின் கணக்கில்தான் சேர்த்திருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தக் கணக்கிலிருந்து நீக்கத் தொண்ணூறு வருஷம், அதாவது 2017 வரையில் ஆயிற்று.

புல்லைப் புல்லென்று அறிந்து நடத்தியவர்களுக்கு அது துரோகம் செய்ததில்லை. பூகம்பத்துக்குப் பழகிய அஸ்ஸாமில், நாணல் தட்டிக்கு மண்ணோ சுண்ணமோ பூசிய இலேசான சுவர்தான் வீடுகளைக் காத்தது. மகாத்மா காந்தி 1936-இல் குடியேறிய சேவாகிராமத்தில் அவருடைய குடிலுக்கு உதவியவை மண்ணும் மூங்கிலும் நாட்டு ஓடும். ஏழையின் பொருள் என்று இன்னும் யாராவது முகம் சுளித்தால், 2022-இல் திறந்த பெங்களூர் விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தில் தலையை நிமிர்த்தி விதானத்தைப் பார்க்கச் சொல்லலாம், அதுவும் மூங்கில்தான். தேசியக் கட்டட விதித் தொகுப்பின் 2005-ஆம் வருஷப் பதிப்பு மூங்கிலுக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கியது.

சரி, எங்கள் சமையற்கட்டு ரகசியம் என்ன? பெரியவரிடம் விடைபெறும்போது அதையும் கேட்டேன். அவர் பேசாமல் தம் வீட்டு அடுப்புக்கு மேலே கையைக் காட்டினார். புகை! அறுபது வருஷம் அம்மாவும் பாட்டியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிய அடுப்பின் புகைதான் அந்த வரிச்சுகளைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது வீட்டில் எரிவாயு அடுப்பு. அம்மாவின் கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் கூரைக்கு இருந்த காவல் போயிற்று. புகைக்குப் பதிலாக இக்காலத்தார் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் கழிகளை ஊற வைக்கிறார்கள். மழை நனைத்தால் அந்த மருந்து கரைந்துவிடும். ஆகையால் இறவாரத்தை நீளமாக இறக்க வேண்டும். மூங்கிற்காலை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்த வேண்டும்.

ஊர் திரும்பியதும் தம்பியிடம் ஒரு வருஷம் தவணை கேட்டேன். தை மாதம், பட்டா நிலத்தில் வெட்டிய முற்றின கழிகள் வந்து எங்கள் தோட்டத்துத் தொட்டியில் இறங்கின. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தத் தொட்டியிலிருந்து கிளம்பிய நாற்றத்தை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை. அக்கம்பக்கத்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிப்பது போல் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். "தகரத்துக்கு இந்த வாசனை கிடையாது" என்று தம்பி தினமும் ஒரு தரம் சொன்னான். ஆனால் நிழலில் உலர்ந்த கழிகளை மருந்து நீரில் போட்டு எடுத்து, கூரையில் ஏற்றிக் கயிற்றால் பிணைத்தபோது, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தவனும் அவன்தான்.

இந்தச் சித்திரையில் அம்மா அந்தக் கூடத்தில்தான் பகலெல்லாம் படுத்திருந்தாள். கூரை வென்றுவிட்டது என்று இப்போதே பறைசாற்ற எனக்குத் துணிவில்லை. அதற்குப் பத்து வருஷமாவது போக வேண்டும். அதுவரையில் எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் ஏற்பட்டிருக்கிறது: ரசம் ஊற்றுவதற்கு முன் அம்மா ஒரு தரம் நிமிர்ந்து மேலே பார்த்துக்கொள்கிறாள்.