சிறுநீர் சொல்லும் சேதி

எங்கள் அம்மா தம் சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திருவொற்றியூரிலிருந்து பரிசோதனைக்கு அவனை அழைத்துச் செல்வது எங்கள் பொறுப்பு. இரத்தம் கொடுக்க அவன் தயங்கியதே இல்லை. தயக்கமெல்லாம் அந்தச் சிறுநீர்க் கேனில்தான்.

24 மணி நேரத்தில் எவ்வளவு புரதம் கழிகிறது என்று அறிவதற்கான கேன் அது. காலையில் முதலில் கழிப்பதை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் முதலில் கழிப்பது வரை அத்தனையையும் சேர்க்க வேண்டும். நலமான சிறுநீரகம் புரதத்தை ஏறக்குறைய வெளியே விடாது. வடிகட்டி பழுதுபட்டால் கசியும்.

சிறுநீரில் பேணுதல் இல்லாதவர் கப்ரில் வேதனை செய்யப்பட்ட ஹதீஸை மதரஸாவில் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம்மில் உண்டா? தம்பிக்கு அந்த அச்சம் சற்று அதிகம். கைலியில் துளி தெறித்திருக்குமோ, தொழுகை கூடுமோ என்று தவித்து, தொழுகைக்கு முன் கழித்ததையெல்லாம் கேனில் சேர்க்காமல் விட்டிருக்கிறான். அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அறிக்கையில் புரதம் குறைவாக வந்தபோது அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோம். கால் வீங்கிய பிறகு மருத்துவர் துருவிக் கேட்கவே உண்மை வெளிவந்தது. ஊசியால் திசு எடுத்துப் பார்த்தார்கள். அம்மாவின் சிறுநீரகத்தை அவன் உடல் மறுக்கத் தொடங்கியிருந்தது. மருந்தை மாற்றினார்கள். அது இன்னும் இயங்குகிறது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அம்மாவிடம் இதை நாங்கள் முழுவதும் சொல்லவில்லை.

இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதற்குள் பாதிப்பு ஓரளவு நேர்ந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே சிறுநீரில் அறிகுறி தேடுகிறார்கள். நியூயார்க்கில் மாணிக்கம் சுதந்திரன் என்ற ஆய்வாளரின் குழு, மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 485 பேரின் 4300 சிறுநீர் மாதிரிகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டது. சிறுநீரில் உதிரும் உயிரணுக்களின் ஆர்.என்.ஏ.வில் அவர்கள் கண்ட குறி, திசுப் பரிசோதனை மறுப்பைக் காட்டுவதற்கு ஏறத்தாழ 20 நாட்களுக்கு முன்பிருந்தே உயர்ந்தது. கழுவித் தள்ளுகிற நஜீஸில் இவ்வளவு சேதி இருக்கிறது! அந்தச் சோதனை எங்கள் கைக்கு இன்னும் எட்டவில்லை. எட்டியிருந்த எளிய சோதனையையோ நாங்களே கெடுத்துக்கொண்டோம்.

பிறகுதான் ஹழ்ரத்திடம் போனோம். பட்ட இடத்தைக் கழுவினால் போதும், நஜீஸைத் தொடுவதால் உளூ முறியாது, பட்டதோ இல்லையோ என்ற வெறும் சந்தேகத்தால் ஆடை அசுத்தமாகிவிடாது என்றார்கள். மாதிரிக் குப்பியை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொழாதீர்கள், வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார்கள். ஐந்து நிமிடப் பேச்சு. நான்கு ஆண்டுகளில் எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது பெரும்பாலும் ஒரு சிறு குப்பியே போதும் என்கிறார் மருத்துவர். புரதத்தையும் கிரியேட்டினினையும் ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். எப்போதாவது கேன் கேட்டால், அந்த நாளுக்கென்று குளியலறைக் கதவில் பழைய கைலி ஒன்று தொங்குகிறது. அதை அம்மாதான் துவைத்துப் போடுகிறார்கள்.