மானுக்குச் சோளம் போடக் கூடாது

 

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் மாதம் மான் வேட்டைக் காலம். துப்பாக்கி வேட்டைக்கு ஒன்பது நாள். அந்த நாட்களில் ஊர் ஓரங்களில் பெரிய பெட்டிகளை வைத்திருப்பார்கள். வேட்டையாடியவர் மானின் தலையை நாலைந்து அங்குலக் கழுத்தோடு வெட்டி, பையில் கட்டி, எந்த இடத்தில் சுட்டார் என்று ஒரு படிவம் எழுதி, அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார். காவலுக்கு ஆள் கிடையாது, காசும் கிடையாது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முடிவு வரும். அதுவரை இறைச்சி ஃப்ரீசரில் காத்திருக்கும்.

மகள் மேடிசன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஆறு மாதம் அங்கே போய் இருந்தபோதுதான் இந்தப் பெட்டியைப் பார்த்தேன். முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவனுக்கு இது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியுமா?

'க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்' என்பது நோயின் பெயர். நம் தமிழில் சொன்னால், மெல்ல மெல்ல மெலிந்து சாகும் நோய். பத்திரிகைக்காரர்கள் 'ஸாம்பி மான் நோய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. நோய் முற்றிய மான் யார் மீதும் பாய்வதில்லை. காது தொங்கி, எச்சில் ஒழுகி, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு நிற்கும். ஓயாமல் தண்ணீர் குடிக்கும். மனிதரைக் கண்டால் ஓட வேண்டும் என்பதே மறந்துபோயிருக்கும்.

1967இல் கொலராடோ மாநிலம் ஃபோர்ட் காலின்ஸில், ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மியூல் மான்களிடம் இதை முதலில் பார்த்தார்கள். தீனி சரியில்லை, அடைத்து வைத்ததால் வந்த ஏக்கம் என்றெல்லாம் நினைத்தார்கள். பத்து வருடம் கழித்து பெத் வில்லியம்ஸ் என்ற இளம் கால்நடை மருத்துவர் செத்த மான்களின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேப்பி நோயிலும் மூளை அப்படித்தான் ஆகும். இரண்டும் ஒரே குடும்பம் என்று கண்டுகொண்டார். 1980இல் கட்டுரை வந்தது. அடுத்த வருடமே காட்டில் திரியும் எல்க் ஒன்றிடமும் நோய் தெரிந்தது. அந்த அம்மையார் 2004இல் கணவரோடு சாலை விபத்தில் இறந்துபோனார்.

இந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. ப்ரியான் என்ற ஒரு புரதம். 1982இல் ஸ்டான்லி ப்ரூசினர் வைத்த பெயர் அது. பெருகும் எதற்குள்ளும் டி.என்.ஏ.வோ ஆர்.என்.ஏ.வோ இருக்கும் என்பது உயிரியலின் பாலபாடம். ப்ரியானில் இரண்டும் இல்லை. அதனால் ஆரம்பத்தில் அவரைப் பலர் நம்பவில்லை. 1997இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

எப்படிப் பெருகுகிறது? சுதந்திர தின அணிவகுப்புக்குப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறீர்களா? ஒருவன் கால் மாற்றி வைத்தால் போதும். பின்னால் வருபவன் அவனைப் பார்த்து மாற்றுவான், அவனைப் பார்த்து அடுத்தவன். கொஞ்ச நேரத்தில் வரிசையே குலைந்துபோகும். நம் உடம்பிலும் மானின் உடம்பிலும் இந்தப் புரதம் இயல்பாகவே இருக்கிறது. தப்பாக மடிந்த ஒன்று உள்ளே நுழைந்து, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப் போலவே மடிய வைக்கிறது. அவ்வளவுதான் விஷயம். உயிர் இல்லாததால் 'கொல்ல' முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, ஃபார்மலினில் போட்டாலும் போகாது.

மான் பார்க்க நன்றாக இருக்கும்போதே, எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் இது வெளியேறத் தொடங்கிவிடுகிறது. அறிகுறி தெரிய ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். மண்ணில் விழுந்தால் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இன்று அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. விஸ்கான்சினில் 2002இல் கண்டுபிடித்தார்கள். நோய் கண்ட பகுதியின் மான்களை எல்லாம் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று அரசு திட்டம் போட்டது. மக்கள் ஒத்துழைக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது.

மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற தச்சர். மான் வேட்டை அவருக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. ஒரு மான் விழுந்தால் அந்தக் குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி. அந்த வருடம் ஒன்று சுட்டார். எங்களுக்கும் ஒரு பொட்டலம் தருவதாகச் சொன்னார். "முடிவு வரட்டும் அப்பா, அப்புறம் வாங்கிக்கலாம்" என்றாள் மகள். பதினோராம் நாள் முடிவு வந்தது. நோய் இருக்கிறது. மான் பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருந்ததாம்.

பொட்டலம் பொட்டலமாக எடுத்துக் குப்பைக்கு அனுப்பினார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். "பரிசோதனையே இல்லாத காலத்திலிருந்து நான் மான்கறி சாப்பிடுகிறேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இதுவரை இந்த நோய் மானிடமிருந்து மனிதருக்கு வந்ததாக ஒரு நிரூபணமும் இல்லை. அதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி சுற்றும். ஆனாலும், நோய் உள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்றே அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. காரணம் பிரிட்டன். அங்கே 1986இல் மாடுகளிடம் பித்தப் பசு நோயைக் கண்டார்கள். மனிதருக்கு வராது என்றார்கள். 1996இல் வரும் என்று ஒப்புக்கொண்டார்கள். 178 பேர் இறந்தார்கள்.

என் பேத்திக்கு ஐந்து வயது. கொல்லைப்புறத்தில் மான் வந்து நின்றால், "தாத்தா, சோளம் போடலாமா?" என்பாள். போடக் கூடாது. அந்த மாவட்டத்தில் சட்டமே இருக்கிறது. ஓர் இடத்தில் தீனி வைத்தால் பத்து மான் ஒரே இடத்தில் வாய் வைக்கும், அங்கேயே கழியும். நோய்க்கு நாமே பந்தி போட்டு இலை விரித்த மாதிரி. எறும்புக்கு அரிசி மாவுக் கோலமும் காக்கைக்கு ஒரு பிடி சோறும் வைத்துப் பழகிய எனக்கு, குழந்தையிடம் அதைச் சொல்வது சங்கடமாகத்தான் இருந்தது.

வயோமிங் மாநிலத்தின் நிலைமை இன்னும் சிக்கல். குளிர்காலத்தில் எல்க்குகள் பட்டினியால் செத்ததைப் பார்த்து, 1912இல் ஜாக்ஸன் என்ற ஊரை ஒட்டி அவற்றுக்கு ஒரு புகலிடம் ஏற்படுத்தினார்கள். மாநில அரசு நடத்தும் தீனிக்களங்கள் வேறு இருபதுக்கு மேல். ஆயிரக்கணக்கான எல்க்குகள் நூறு வருடமாக அந்தத் தீனிக்குப் பழகிவிட்டன. 2024-25 குளிர்காலத்தில் மாநிலத் தீனிக்களங்களிலேயே நோய் கண்டுவிட்டது. தீனியை நிறுத்தினால் பசியில் சாகும், அல்லது பண்ணைகளுக்குள் புகுந்து மாடுகளுக்கு வேறொரு நோயைப் பரப்பும். நிறுத்தாவிட்டால் இது பரவும். ஒரு நூற்றாண்டின் இரக்கம் இப்படி வந்து நிற்கிறது. நல்ல எண்ணத்தில் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று யார் முடிவெடுத்தாலும், எல்க்குகள் சாகத்தான் போகின்றன.

நார்வேக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2016இல் நோர்ஃபியெல்லா மலைப்பகுதியில் ஒரு காட்டுப் பனிமானிடம் நோய் தெரிந்தது. ஐரோப்பாவிலேயே அதுதான் முதல். அந்தப் பகுதியின் கூட்டம் முழுவதையும், இரண்டாயிரத்துக்கும் அதிகமான மான்களை, 2018க்குள் சுட்டுத் தீர்த்தார்கள். பரிசோதித்ததில் நோய் இருந்தவை மொத்தம் 19. செம்மறியாடுகளுக்காக மேய்ப்பர்கள் வைத்த உப்புக் கட்டிகளைப் பனிமான்களும் வந்து நக்கியிருக்கின்றன. அந்த இடங்களையும் சந்தேகித்து வேலி போட்டார்கள். பிறகு நோய் மண்ணிலிருந்து மறையட்டும் என்று மலையை மானே இல்லாமல் விட்டு வைத்தார்கள்.

2020 செப்டம்பரில், தெற்கே இருக்கும் ஹார்டங்கர்விட்டா பீடபூமியில் சுடப்பட்ட ஒரு கிடா மானுக்கு அதே நோய் இருந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய காட்டுப் பனிமான் கூட்டம் வாழ்வது அந்தப் பீடபூமியில்தான். அங்கேயும் எல்லாவற்றையும் சுடுவதா வேண்டாமா என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் லேசில் தீரவில்லை.