இடம்பெயர்ந்த கோள்

ஒன்பது கோள்களை வாய்ப்பாடு போல மனனம் செய்த தலைமுறை நாம். 2006இல் புளூட்டோவைக் கழித்துவிட்டார்கள். மிச்சம் எட்டு.

உள்ளே இருக்கும் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் கல்லும் இரும்பும். காலூன்றலாம். வெளியே வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று நான்கு பூதங்கள். வியாழன் மட்டுமே 318 பூமிகளின் நிறை. உள்ளே உள்ள நான்கையும் சேர்த்தால் இரண்டு பூமி தேறாது. ஆனால் பூதங்களில் நிலம் என்று ஒன்றில்லை. 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கருவி வியாழனுக்குள் விழுந்தபடியே ஒரு மணித்தியாலம் வரை செய்தி அனுப்பியது. எதிலும் போய் முட்டவில்லை. வெக்கையும் அமுக்கமும் கூடக்கூட, பேச்சு நின்றுபோனது.

காரணம் பிறந்த இடம். சூரியனுக்குக் கிட்ட நீர் ஆவியாகவே இருந்தது. கல்லும் உலோகமும்தான் திரள முடிந்தது, அவையோ கொஞ்சம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலான ஓர் எல்லைக்கு அப்பால் நீர் பனிக்கட்டியானது. அங்கே திரளுவதற்குப் பொருள் தாராளம். கரு பருத்தது, பருத்த கரு சுற்றியிருந்த வாயுவை இழுத்துப் போர்த்துக்கொண்டது.

கிட்ட என்றால் கல், தூர என்றால் பூதம். இந்தக் கணக்கு 1995 ஒக்ரோபரில் குழம்பியது. ஜெனீவா வானியலாளர் மிசேல் மயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் ஒரு கோளை அறிவித்தார்கள். ஏறத்தாழ வியாழனின் பாதி நிறை. ஆனால் நாலேகால் நாளில் ஒரு சுற்று. எங்கள் புதனுக்கே 88 நாள் வேண்டும். அந்த நெருப்பண்டையில் அப்படியொரு கோள் பிறப்பது கடினம். தூரத்தில் பிறந்து உள்ளே வந்திருக்க வேண்டும் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லைத் தமிழில் சொன்னால், இடம்பெயர்வு.

அதே மாதம் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. நான் சுவிஸில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா எங்கே நிற்கிறா என்று அறியப் பதினொரு நாள் எடுத்தது. பக்கத்து நகரத்து வானியலாளர்களின் செய்தி எனக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகுதான்.

பின்னர் இப்படிப் பலநூறு கோள்கள் அகப்பட்டன. வெப்ப வியாழன்கள் என்று பெயர். பல, சூட்டில் ஊதிப் பருத்திருக்கின்றன. சில வாயுவை இழந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் பெயரில் வியாழன் இருக்கிறது.

பிறந்த மண்ணில் இருந்ததைவிடக் கூடிய காலம் இங்கே இருந்துவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டால் வாயில் வருவது இன்னமும் வலிகாமத்துச் சிற்றூரொன்றின் பெயர்தான். ஒரு வெப்ப வியாழன் இப்போது நிற்கும் தூரத்தை அளந்துவிடுகிறார்கள். அது எங்கே பிறந்தது என்பதை, அது எதனால் ஆனது என்று பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள்.