மீண்டும் சாரதியாவது எப்போது?

முறிந்த எலும்பு பொருந்துவதற்கு எவ்வளவு காலம் செல்லும் என்பதை எந்த வைத்தியரும் சொல்வார். அதன்பின் எப்போது வாகனம் ஓட்டலாம் என்று கேட்டால், நமது ஊரில் தெளிவான பதில் கிடைப்பது அரிது. 2023ஆம் ஆண்டு கொக்குவில் பகுதியில், ஒழுங்கையொன்றிலிருந்து திரும்பிய வான் எனது மோட்டார் சைக்கிளில் மோதியதில் வலது கீழ்க்கால் எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். நான்கு மாதங்களின் பின்னர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த இளம் வைத்தியர், "எலும்பு வடிவாப் பொருந்தியிருக்கு ஐயா, இனி ஊன்றி நடக்கலாம்" என்றார். "மோட்டார் சைக்கிள் ஓடலாமோ?" என்று கேட்டேன். "கவனமாப் பாத்துச் செய்யுங்கோ" என்றார். அவரைக் குறைகூற மாட்டேன். வெளியே வாங்குகளில் இடமின்றி நோயாளர்கள் நின்றுகொண்டிருந்தனர். துண்டு எழுதி என்னை அனுப்பிவைக்க அவருக்கும் ஓர் இடம் இருக்கவில்லை.

செய்தியாளனுக்கு இது சிறிய விடயமன்று. காரைநகரில் நடந்ததைப் பார்த்துவிட்டு, பக்கம் முடிவதற்குள் யாழ்ப்பாணம் திரும்பிச் செய்தி கொடுக்கவேண்டும். பஸ்ஸை நம்பினால் மறுநாள் செய்தியாகிவிடும்.

ரொறன்ரோவிலுள்ள எனது மைத்துனருக்குப் பாரிசவாதம் வந்தபோது நடந்தது வேறு. ஒன்ராறியோவில், வாகனம் ஓட்டுவது ஆபத்தாகக்கூடிய உடல்நிலை இருந்தால் அதை மருத்துவர் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டது. பின்னர் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அனுப்பப்பட்டார். முதலில் மேசையில் பார்வை, கவனம், முடிவெடுக்கும் வேகம் ஆகியவற்றுக்கான சோதனைகள். அதன் பின்னரே பயிற்றுநர் பக்கத்திலும் பிரேக் பொருத்திய காரில் வீதிச் சோதனை. கட்டணம் அவரது சொந்தப் பணம். "முப்பது வருசம் ஓடின என்னை எல்போர்ட்காரனாக்கிப் போட்டாங்கள்" என்று தொலைபேசியில் பொருமினார். நானோ அவர்மீது பொறாமைப்பட்டேன். பிரித்தானியாவிலும் பாரிசவாதத்தின் பின் குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது என்ற விதி உண்டு. பாதிப்பு நீடித்தால் அனுமதிப்பத்திரப் பிரிவுக்கு அறிவித்தே ஆகவேண்டும்.

இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் தேவை. அதைப் பெறச் சென்று வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பரிசோதனை எத்தகையது என்பது தெரியும். ஆனால் கையில் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருக்கும்போது கால் முறிந்தவனை, "வா, ஓடிக் காட்டு" என்று எவரும் கூப்பிடுவதில்லை.

இத்தனைக்கும் காலிழந்தோரை மீண்டும் நடமாட வைப்பதில் யாழ்ப்பாணத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இல் நட்புதவிச் சங்கம் தொடங்கிய மருத்துவமனையே இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம். அதே சங்கத்தின் ஆதரவில் 1987இல் இங்கு ஜெய்ப்பூர் செயற்கைக்கால் நிலையம் உருவானது. போர் பெருகியபோது அதன் வாசலில் யார் யார் நின்றார்கள் என்பதை இங்கிருந்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஜெய்ப்பூர் பாதத்தை 1968இல் உருவாக்கியவர்கள், கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும். செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தியிருக்கலாம், வயற்சேற்றில் இறங்கலாம். மேலைநாட்டுச் சப்பாத்துக் காலால் ஆகாதவை இவை.

ஆனால் றப்பர் பாதத்துக்கு உணர்ச்சி கிடையாது. மிதி எவ்வளவு அமிழ்ந்தது என்பதை அது மூளைக்குச் சொல்லாது. இடது காலை இழந்தவருக்கு மோட்டார் சைக்கிளின் கியர் சிக்கல். வலது காலை இழந்தவருக்குப் பின் பிரேக் சிக்கல். நமது வீதிகளில் ஓடும் முச்சக்கரவண்டியில் கியரும் கிளச்சும் இடது கையில் இருப்பதால் இடது காலின்றியும் ஓட்டலாம். பிரேக்குக்கு வலது கால் வேண்டும். இரண்டு பிரேக்கும் கைப்பிடியில் இருக்கும் ஸ்கூட்டரில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. தமிழ்நாட்டில் அரசே இணைப்புச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்களை மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாக வழங்குகிறது.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித்தந்தவர், எங்கள் பத்திரிகையில் அச்சுக்கோப்பாளராக இருந்த நண்பர். மிதிவெடியில் இடது காலை இழந்தவர். கியர் மிதியை ஒரு கராஜில் கொடுத்துத் தனக்கேற்றபடி வளைத்து ஒட்டுவித்துப் பல ஆண்டுகள் ஓடி, இப்போது ஸ்கூட்டருக்கு மாறியிருக்கிறார். என் கதையைக் கேட்டதும், "ஐசே, டொக்டர் எலும்பைத்தானே பாத்தவர்? பிரேக்கை ஆர் பாத்தது?" என்றார்.

ஞாயிறு காலை, ஆளில்லாத கோயில் வெளிவீதியில் பரீட்சை தொடங்கியது. மெதுவான வேகத்தில் நான் வரவேண்டும். அவர் கைதட்டியதும் கால் பிரேக்கை மட்டும் மிதித்து நிறுத்தவேண்டும். கைதட்டிய இடத்திலிருந்து சில்லு நின்ற இடம்வரை தனது ஊன்றுகோலால் அளப்பார். முதலில் தான் ஓடிக் காட்டினார். என்னுடைய அளவு அவருடையதைவிட நான்கு கோல் நீண்டது. நோவு இல்லை, பலமும் இருந்தது. கால் எழுந்து மிதிக்குப் போவதில் ஒரு தயக்கம், அவ்வளவுதான். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் செக்கனுக்கு 11 மீற்றர் ஓடிவிடும். அரைச் செக்கன் தயக்கம் என்றால் ஐந்தரை மீற்றர். பாடசாலை முடிந்து பிள்ளைகள் வரும் வேளையில் அந்த ஐந்தரை மீற்றருக்குள் யார் நிற்பார்கள் என்று நினைத்தபோது வியர்த்தது.

ஆறு ஞாயிறுகள் சென்றன. இடையில் இயன்மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டு, கதிரையில் அமர்ந்தபடி குதிக்காலை ஊன்றி முன்பாதத்தை விரைவாக அமர்த்தும் பயிற்சியைச் சேர்த்துத் தந்தார். ஏழாம் வாரம் வித்தியாசம் அரைக் கோலாகச் சுருங்கியது. "பகலில ஓடும். இரவில இன்னும் ஒரு மாதம் வேண்டாம்" என்று தீர்ப்பு வந்தது. வீட்டில் மனைவி அந்தத் தீர்ப்பை என்னைவிடக் கண்டிப்பாக அமுல்படுத்தினார்.

நண்பரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை; அவர் சொல்வது எந்த அலுவலகத்திலும் செல்லாது. ஆயினும் செய்தி பரவிவிட்டது. சென்ற மாதம் சாவகச்சேரியிலிருந்து ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி, முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து, மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு நண்பர் வெளிவீதிக்கு நடந்தார்; குறிப்பெடுக்கும் வேலையை என்னிடம் தந்துவிட்டார்.