மழை வந்தா வளையும் பிக்காச்சு... ஒரு டப்பா ஃபாயில் கார்டுகளின் கதை!

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் திருவாமாத்தூர் வீட்டில் வாசல் கதவு சரியாக மூடாது. தீப்பெட்டி பற்றாது. டப்பாவில் இருக்கும் அப்பளம் துவண்டுபோகும். இந்த வரிசையில் இரண்டு மூன்று வருஷமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அக்கா பையனின் போக்கிமான் கார்டுகள் வளைய ஆரம்பிக்கும்.

எல்லா கார்டும் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் வானவில் மாதிரி மின்னுமே, அந்த ஃபாயில் கார்டுகள் மட்டும்தான். சாதா கார்டு சமத்தாகப் படுத்திருக்கும். விலை அதிகமானது, கிடைக்க அரிதானது, பிள்ளைகள் உயிரையே வைத்திருப்பது எதுவோ, அதுதான் வெற்றிலை மாதிரி சுருண்டுகொள்ளும்.

பெரியவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இது சீட்டாட்டம் இல்லை. உங்கள் காலத்தில் பிக் ஃபன் பபிள்கம்மோடு ரன், விக்கெட் சீட்டு வந்ததே, எங்கள் காலத்தில் WWE டிரம்ப் கார்டு இருந்ததே, அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். போக்கிமான் கார்டு 1996-ல் ஜப்பானில் பிறந்தது, 1999-ல் ஆங்கிலத்தில் வந்தது. 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். கவரைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லாமே.

எங்கள் வீட்டுப் பையன் ஏழாவது படிக்கிறான். அவனுடைய அப்பா, அதாவது என் மாமா, குவைத்தில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. நடுவில், லீவில் வரும் ஊர்க்காரர் யாராவது ஒருவர் பையில் இரண்டு கார்டு பாக்கெட் வைத்து அனுப்புவார். சோப்பு, தைலம், பேரீச்சம்பழத்துக்கு நடுவில் அந்த பாக்கெட் வரும். பையனிடம் மொத்தம் 186 கார்டுகள். அதில் 43 ஃபாயில். எந்த கார்டு எந்த ஊர்க்காரர் கையில் வந்தது என்று தேதியோடு சொல்வான். கணக்குப் பாடத்தில் அந்த ஞாபகசக்தி எங்கே போகிறது என்பது அக்காவின் தனிப் புலம்பல்.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டக்காரர்கள் யாரும் அந்த ராத்திரியை மறக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2-ம் தேதி அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே தென்பெண்ணை வெள்ளம் ஓடியது. எங்கள் ஊர்க் கோயில் பக்கத்தில் ஓடும் பம்பை ஆற்றுக்கு ஏற்கெனவே ஒரு கதை உண்டு. இரட்டைப் புலவர்கள் பாட்டில் கோயிலை ஆற்றின் மறுகரையில் இருப்பதாகப் பாடிவிட்டார்களாம். சபையில் கேள்வி வர, வெள்ளம் வந்து ஆறே தடம் மாறி அவர்கள் சொன்ன பக்கம் ஓடியதாம். அந்த வாரம் ஆயா அந்தக் கதையை நாலு தடவை சொன்னார். நான்கு தடவையும் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால், மூன்று நாள் கரன்ட் இல்லை, ஃபேன் இல்லை, சுவரெல்லாம் வேர்த்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த கார்டு டப்பாவைத் திறந்தபோது 43 ஃபாயிலும் கிண்ணம் மாதிரி குழிந்து கிடந்தன. ஒரு சொட்டு தண்ணீர்கூடப் படாமல்.

பள்ளிக்கூடம் திறந்ததும்தான் உண்மையான பிரச்னை வந்தது. வகுப்பில் இவனுக்கு ஒரு போட்டி கோஷ்டி. அவர்களிடம் இருப்பது ஃபேன்ஸி ஸ்டோரில் டப்பாவோடு கிடைக்கும் தங்கக் கலர் கார்டுகள். அவை ஒரு மில்லிமீட்டர்கூட வளையவில்லை. 'உன்னுது வளையுது, எங்களுது வளையல. அப்போ எது டூப்ளிகேட்?' என்று கேட்டிருக்கிறார்கள். பதினோரு வயதில் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். அப்பா ஏமாந்துவிட்டாரோ என்ற சந்தேகம் வேறு. வீடியோ காலில் மாமா, "கார்ட காட்டுறா" என்று கேட்டால், "அப்புறம் காட்றேன்பா" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவான். குவைத்தில் ஒருவர் கொஞ்ச நாளாக அதே பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். 'சித்தி நெட்ல தேடிச் சொல்லும்' என்பது எங்கள் வீட்டின் நிரந்தர நம்பிக்கை. தேடினேன். கிடைத்த பதில் அவன் பக்கம்தான் இருந்தது.

கார்டின் உடம்பு காகித அட்டை. காகித நார் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஃபாயில் கார்டில் முகப்பக்கம் மட்டும் உலோகப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியிருக்கும். அது ஈரத்தைக் குடிக்காது, விரியாது. முதுகு விரிகிறது, முகம் விரிய மறுக்கிறது. இரண்டும் ஒட்டியிருப்பதால் கார்டு முகத்தை உள்ளே வைத்து வளைகிறது. அக்னி நட்சத்திரத்தில் இதற்கு நேர்மாறு. முதுகு காய்ந்து சுருங்க, முகம் வெளியே புடைத்துக்கொள்ளும். கார்த்திகையில் கிண்ணம், சித்திரையில் கவிழ்த்த கிண்ணம்.

அந்த ஃபேன்ஸி ஸ்டோர் தங்க கார்டுகள் பெரும்பாலும் முழு பிளாஸ்டிக். குடிக்க வாய் இல்லாதது எப்படி வீங்கும்? ஆக, வளைந்ததை வைத்து டூப்ளிகேட் என்று சொல்லவே முடியாது. இதை போனில் சொன்னதும் அந்தப் பக்கம் ஐந்து விநாடி சத்தமே இல்லை. பிறகு, "சித்தி, இத அப்படியே வாய்ஸ் நோட்டா அனுப்பு" என்றான். வகுப்பில் போட்டுக் காட்ட.

ஆயாவின் கல்யாண போட்டோ ஒன்று பீரோவில் குழாய் மாதிரி சுருண்டு கிடக்கும். அதுவும் இதே கதைதான். பழைய கறுப்பு வெள்ளை போட்டோவில் காகிதத்தின் மேல் ஜெலட்டின் படலம் இருக்கும். காய்ந்தால் அது காகிதத்தைவிட அதிகமாகச் சுருங்கி, படத்தை உள்ளே வைத்துச் சுருட்டிக்கொள்ளும். பொன் பிள்ளையார் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை பரணில் வளைந்து கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

காரணம் தெரிந்தால் வைத்தியமும் தெரிந்துவிடும். ஆனால், அதற்குள் வீட்டில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். அம்மா, "மொட்டமாடி வெயில்ல அரை மணி நேரம் போடு, அப்பளத்துக்கு அதான் பண்றோம்" என்றார். வெயிலில் மை வெளுக்கும். தவிர, வேகமாகக் காய்ந்தால் அப்பளமே ஓரம் தூக்கும். தாத்தா அரிசி மூட்டைக்குள் புதைக்கச் சொன்னார். அரிசியில் தவிடும் வண்டும் உண்டு, கார்டுக்கு இரண்டும் ஆகாது. வகுப்பில் ஒரு பையன் இஸ்திரி போட்டுப் பார்த்திருக்கிறான். ஃபாயில் கொப்பளித்து எழும்பி, கார்டு செத்தே போய்விட்டது. அந்த இஸ்திரிப் பெட்டிக்குள் சூட்டைக் கட்டுப்படுத்துவதே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டைதான். ஒன்று அதிகம் விரிய, இன்னொன்று குறைவாக விரிய, பட்டை வளைந்து கரன்ட்டைத் துண்டிக்கும். கார்டை நிமிர்த்தப் போன பெட்டிக்குள்ளேயே அதே வளைவு!

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் வாங்கியது கார்டுக்கான பொருளே இல்லை, ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, சில நூறு ரூபாய்தான். மலிவு மீட்டர் என்பதால் அதை நம்பலாமா என்று சோதிக்க ஓர் உப்பு டெஸ்ட் இருக்கிறது. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டு தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவருக்குள் மூடி ஓர் இரவு வையுங்கள். ஈர உப்பு அந்தக் கவருக்குள் ஈரப்பதத்தை 75 சதவிகிதத்தில் நிறுத்திவிடும். எங்கள் மீட்டர் 79 காட்டியது. அன்றிலிருந்து அது எதைக் காட்டினாலும் நாலைக் கழித்துக்கொள்கிறோம். பையன் இதை அறிவியல் டீச்சரிடம் சொல்லி நல்ல பெயர் வாங்கினான்.

இலக்கு 45-லிருந்து 55 சதவிகிதம். அங்கேயே ஆடாமல் நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஏறுவதும் இறங்குவதும்தான் கார்டை ஆட்டிப்படைக்கிறது. வெளிநாட்டு கார்டு பிரியர்கள் இதற்கென்றே 49 சதவிகிதத்தில் நிறுத்திவைக்கும் பாக்கெட்டுகளை வைக்கிறார்கள். ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். உள்ளே இருப்பது, கிட்டத்தட்ட நம் ஈர உப்பு தத்துவம்தான், உப்பு மட்டும் வேறு. ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால், அந்த விலைக்கு இன்னும் இரண்டு கார்டு பாக்கெட் வாங்கலாம் என்று பையன் மறுத்துவிட்டான். நியாயம்தான்.

எனவே, செருப்பு டப்பாவிலும் மாத்திரை பாட்டிலிலும் வரும் சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது நிரம்பியது என்று தெரியும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நீல மணிகள் வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கும். ஆரஞ்சு வாங்குங்கள். ஆனால், இதில் ஓர் ஆபத்து உண்டு. சிலிக்கா ஜெல்லுக்கு நிறுத்தத் தெரியாது. சின்ன டப்பாவில் நிறையப் போட்டால் 30-க்கும் கீழே இழுத்துவிடும், கார்டு மறுபக்கம் வளையும். அதனால்தான் மீட்டர். நாங்கள் காற்றுப் புகாத ஒரு டப்பாவில் ஒரே ஒரு பொட்டலம் போட்டு, காலை மாலை மீட்டரைப் பார்த்து, 48-க்கு வந்ததும் பொட்டலத்தை எடுத்துவிட்டோம். காலி இடத்தில் அச்சடிக்காத வெள்ளை அட்டைத் துண்டுகளை அடைத்தோம். அவையும் காகிதம்தானே? கொஞ்சம் ஈரம் உள்ளே வந்தாலும் முதல் வாய் அவை குடித்துக்கொள்ளும்.

பத்து நாளில் பாதி வளைவு தானாகவே போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றையும் ஸ்லீவில் போட்டு, இரண்டு தட்டையான அட்டைகளுக்கு நடுவில் வைத்து, மேலே நான் படித்த காலத்து கைடுகளை ஏற்றினோம். ஒரு வாரம். 43-ல் 38 நிமிர்ந்துவிட்டன. ஐந்து இன்னும் லேசாக முறைத்துக்கொண்டிருக்கின்றன.

ஸ்லீவ் போட்டுவிட்டேனே, பிறகு எப்படி வளைந்தது என்று பலர் கேட்கிறார்கள். ஸ்லீவ் கீறலையும் கை எண்ணெயையும்தான் தடுக்கும். அதன் வாய் திறந்திருக்கிறது, ஈரம் தாராளமாக உள்ளே போகும். இறுக்கமான ஸ்லீவ் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு, அதன் மேல் இன்னொன்று போட்டால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ரொம்பப் பிடித்த கார்டுக்கு டாப் லோடர் எனப்படும் கெட்டியான உறை நல்லது. ஆல்பம் வாங்கினால் பாலிப்ரோப்பிலீன் பக்கமா என்று பாருங்கள். குப்பென்று பிளாஸ்டிக் வாடை அடிக்கும் மெத்தென்ற பி.வி.சி. பக்கம் நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்ட் போடவே கூடாது. பூச்சிக்குப் பயந்து நாப்தலின் உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். டப்பா இறுக்கமாக மூடியிருந்தாலே ராமபாணப் பூச்சி உள்ளே போகாது. டப்பாவை மழை நாளில் திறக்காமல், நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில் திறந்து மூடுவது உத்தமம். எந்தக் காற்றை உள்ளே அடைக்கிறீர்களோ, அதுதானே அடுத்த ஒரு மாதம் கார்டோடு குடியிருக்கப் போகிறது?

மாமா 2025 மே மாதம் லீவில் வந்தார். டப்பாவைத் திறந்து ஒவ்வொரு கார்டாகப் பார்த்தார். ஒரு சாரிசார்ட் கார்டை எடுத்து, "இத ஏன் பொட்டிக்குள்ள போட்டு அடைச்சி வெச்சிருக்க? டி.வி. பக்கத்துல வெய்யி, வர்றவங்க பாக்கட்டும்" என்றார். மொட்டை வெயில், தார்ச்சாலையே இளகும் நேரம். இவன் மீட்டரைத் தூக்கி வந்து அப்பாவிடம் நீட்டினான்.

"அப்பா, வெளிய 36 காட்டுது. நாலு கழிச்சா 32. அரை மணி நேரம் வேணா வெச்சிக்கோங்க. அப்புறம் உள்ள வெச்சிடணும்."

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் அந்த கார்டு டி.வி. பக்கத்தில் இருந்தது. பிறகு அவரே எடுத்து, ஓரத்தைப் பிடித்து, டப்பாவில் வைத்து மூடினார். அந்த ஐந்து முறைப்பான கார்டுகளில் இரண்டு, போன முறை அவரே கையோடு கொண்டு வந்தவை. அதைப் பையன் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது மறுபடி ஐப்பசி. வாசல் கதவு மூட மறுக்கிறது. குவைத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போகிறது, எனக்கும் ஒரு காப்பி வரும். கார்டு இல்லை, மீட்டர். போன வாரம் 56 காட்டியது. கழித்தால் 52. கீழே மாமா ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.