எத்தனை பேர், எத்தனை பெட்டி?

டிரைவர் வேலைக்குச் சேர்கிற பையனுக்கு முதலில் பழக்குவது கிளட்சும் கியரும்தான். நான் சேர்ந்த வண்டியில் இரண்டும் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸில் வேலை. வண்டி பிஒய்டி ஈமேக்ஸ் 7. மூன்று வரிசை இருக்கை, ஏழு பேர் உட்காரலாம், முழுக்க மின்சாரம். டீசல் இன்னோவாவில் பல வருஷம் மலை ஏறி இறங்கிய அண்ணன்தான் எனக்கு வாத்தியார். ஸ்டீயரிங்கைத் தருவதற்கு முன்னால் அவர் பழக்கியது, பார்ட்டியிடம் போனில் பேசுவது.

"எத்தனை பேருன்னு மட்டும் கேட்டு வெக்காத தம்பி. எத்தனை பொட்டி, எந்த ஊரு, என்னைக்குத் திரும்பறாங்கன்னு கேளு."

காரணம் டிக்கியைத் திறந்ததும் புரிந்தது. மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பின்னால் மிஞ்சுவது 180 லிட்டர் இடம். முதுகுப்பைகளை அடுக்கலாம், பெரிய பெட்டிகளுக்கு வழியில்லை. வரிசையை மடக்கினால் 580 லிட்டர் கிடைக்கும், ஆட்கள் ஐந்து பேராகிவிடுவார்கள். டீசல் வண்டியென்றால் மேலே கேரியர் கட்டிச் சமாளிப்போம். இதில் கேரியர் கட்டினால் காற்று பிடித்து, பைபாஸில் சார்ஜ் கண்ணெதிரே இறங்கும். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் கடைசி வரிசையில் பெரியவர்களுக்கு முழங்கால் தூக்கி நிற்கும். நீண்ட பயணத்தில் அந்த இடம் சிறுவர்களுக்குத்தான்.

அடுத்த பாடம் காலுக்கு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். சட்டென்று காலை எடுத்தால் உள்ளே இருக்கிற அத்தனை தலையும் முன்னால் ஆடும். அண்ணன் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். "இங்கிருந்தாத்தான் உன் காலு எப்படின்னு தெரியும்" என்றார். பாதத்தை முழுக்க எடுக்காமல், பெருவிரல் அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வேகத்தைக் குறைக்கப் பழகினேன். மலைப்பாதையில் வாந்தி வருகிற குழந்தைக்கு இந்த ஒரு வித்தை பெரிய உபகாரம்.

ஊட்டிச் சவாரியில்தான் கணக்கு முழுசாகப் பிடிபட்டது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். வண்டியும் ஆட்களுமாக 2,400 கிலோ என்று வைத்தால், அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 12 யூனிட் வேண்டும். எங்கள் பேட்டரி 71.8 யூனிட். அதாவது ஆறில் ஒரு பங்கு ஏற்றத்துக்கே போய்விடும். ஓடுகிற தூரத்துக்கும் ஏசிக்கும் ஆவது தனி.

"வண்டி ஏறிருமுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"ஏறும் தம்பி. எறங்கறதுக்குத்தான் கணக்கு வேணும்."

குன்னூரிலிருந்து கீழே வரும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் டீசல் வண்டியை இரண்டாவது கியரில் இறக்குவார்கள். இதில் அந்த வேலையை ரீஜென் செய்கிறது, செலவழித்ததில் ஒரு பகுதியும் திரும்ப ஏறுகிறது. ஆனால் மலை உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால், வருகிற மின்சாரத்தை வைக்கப் பேட்டரியில் இடமிருக்காது. ரீஜென் பலவீனமாகும், சுமை முழுவதும் பிரேக்குக்கு வந்து, அது சூடேறும். அதனால் மேலே சார்ஜ் போடும்போது, இறங்குவதற்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்வோம். முழுசாக ஏற்றுவது கோயம்புத்தூர் ஷெட்டில்தான்.

சமவெளியில் வேறு கணக்கு. கம்பெனி சொல்லும் ரேஞ்ச் 530 கிலோமீட்டர். அது ஆய்வகச் சோதனையில் வந்த எண். ஆள் நிறைந்து, ஏசி போட்டு, பைபாஸில் ஓடும்போது அண்ணன் அதை 350 என்றே வைத்துக்கொள்வார். மதுரை போய் அன்றே திரும்புவதென்றால் 400 தாண்டும். அப்போது சார்ஜர் நிறுத்தத்தைப் பார்ட்டியின் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைவதால் அதோடு கிளம்பிவிட வேண்டும். செயலியில் வேலை செய்வதாகக் காட்டும் சார்ஜர் நேரில் செத்துக் கிடப்பதுண்டு. அடுத்த சார்ஜருக்குப் போகத் தேவையான சார்ஜ் கையில் இல்லாமல் எதையும் நம்பிப் போகக்கூடாது.

டிராவல்ஸ் தொழிலுக்கு உண்மையான தடை ராத்திரிதான். ஷெட்டில் இருப்பது 7 கிலோவாட் சார்ஜர். காலியான பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். பதினொன்றுக்குத் திரும்பிய வண்டியை விடியற்காலை நாலுக்கு அனுப்பினால் பாதி பேட்டரியோடுதான் போகும். அப்படிச் சவாரி வந்தால் டீசல் வண்டிக்குத் தந்துவிடுகிறோம். பார்ட்டியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டால் அவர்கள் அடுத்த முறையும் நம்மையே கூப்பிடுகிறார்கள்.

சத்தமில்லாத, புகையில்லாத இந்த வண்டியை எனக்கு மனசாரப் பிடிக்கும். வீட்டுக்கு வாங்கலாமா என்று கேட்கிற குடும்பங்களிடம் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். வருஷத்தில் எத்தனை முறை ஏழு பேரும் பெட்டியோடு போகிறீர்கள்? ஒரே நாளில் 350 கிலோமீட்டர் தாண்டுவது எத்தனை நாள்? ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் உங்கள் பெயரில் மின் இணைப்பு இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் "எப்போதாவது", மூன்றாவதுக்கு "இருக்கிறது" என்றால், தயங்காமல் வாங்கச் சொல்கிறேன்.